சுவாமி மாமாவின் திறப்பு

கொட்டாஞ்சேனையில் எங்கள் கோயிலில் ஞாயிறு காலைப் பூசை முடிந்ததும் ஒரு மணித்தியாலம் மறைக்கல்வி வகுப்பு நடக்கும். 19 வருடமாக அதில் படிப்பிக்கிறேன். கிழமை நாட்களில் புறக்கோட்டையில் ஒரு புடைவைக் கடையில் கணக்கு எழுதுகிறேன்; ஞாயிறில் மட்டும் டீச்சர். அண்மையில் ஒருநாள் மாற்கு நற்செய்தியின் முதலாம் அதிகாரம் பாடமாக வந்தது. இயேசு சீமோன் வீட்டுக்குப் போகிறார். இந்தச் சீமோன்தான் பிறகு பேதுரு, எங்கள் வழக்கில் இராயப்பர். அங்கே சீமோனின் மாமியார் காய்ச்சலோடு படுத்திருக்கிறார். இயேசு கையைப் பிடித்துத் தூக்கிவிடுகிறார், காய்ச்சல் விட்டுவிடுகிறது, அந்த அம்மா எழுந்து வந்தவர்களுக்குப் பணிவிடை செய்கிறார். மூன்றே வசனம். வாசித்து முடிய ஒரு பையன் கையைத் தூக்கினான். 12 வயது.

"டீச்சர், மாமியார் இருந்தா ராயப்பர் கலியாணம் கட்டினவர் தானே? அவர்தானே முதல் பாப்பரசர்? அப்ப ஏன் எங்கட ஃபாதர் கட்டேல்ல?"

மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். "குருமார் தங்களை முழுசாகக் கடவுளுக்கும் மக்களுக்கும் கொடுத்திருக்கிறார்கள், அதனால்தான்" என்று நான் சொன்னேன். எனக்குச் சின்ன வயதில் சொல்லித்தந்த பதில் அது. அவன் உட்கார்ந்துவிட்டான். வீட்டுக்கு நடந்து வரும்போது மனம் சரியாக இல்லை. சொன்னது பொய் இல்லை, ஆனால் அவன் கேட்டதற்கு அது பதிலும் இல்லை. வேறு யார் இப்படிச் சொல்லித் தப்பினாலும் பரவாயில்லை. ஒரு குருவானவரின் மருமகளாக வளர்ந்த நான் அப்படிச் செய்திருக்கக் கூடாது.

அம்மாவின் மூத்த அண்ணன் குருவானவர். எங்களுக்கு அவர் சுவாமி மாமா. 1939இல் யாழ்ப்பாணத்துத் தீவு ஒன்றில் பிறந்தவர். 13 வயதில் சிறிய குருமடத்துக்குப் போனார், 1966இல் குருப்பட்டம் பெற்றார். அந்தக் காலத்துச் சடங்கில் ஆயர் புதிய குருவின் உள்ளங்கைகளில் எண்ணெய் பூசி, இரண்டு கையையும் சேர்த்து ஒரு வெள்ளை லினன் துணியால் கட்டுவார். பிறகு அந்தத் துணி தாயிடம் போகும். அம்மம்மா அதை ஒரு பிஸ்கட் தகரத்துக்குள் கற்பூர உருண்டை போட்டு வைத்திருந்தார். 1989இல் அவர் இறந்தபோது, அவர் கேட்டிருந்தபடியே, அதை அவருடைய கையில் சுற்றிப் பெட்டியில் வைத்தோம். கடவுளிடம் போகும்போது வெறுங்கையோடு போகவில்லை, ஒரு மகனைக் கொடுத்தேன் என்று காட்டுவதற்காம். எனக்கு அப்போது 17 வயது. மாமா பெட்டியருகில் நின்று அந்தத் துணியின் ஒரு நுனியை விரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

யுத்தத்தால் மூடிக்கிடந்த ஏ9 பாதை 2002இல் திறந்த பிறகு, அடுத்த வருடம் நானும் கணவரும் வன்னியில் அவர் இருந்த பங்குக்குப் போனோம். ஓலையும் தகரமுமாக ஒரு கோயில். பின்னேரப் பூசைக்குச் சனம் நிறைய வந்தது. முடிந்ததும் பெண்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு, ஆண்கள் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார்கள். தூரத்தில் ஒவ்வொரு வீடாக விளக்கு எரியத் தொடங்கியது. மாமா கோயில் கதவைச் சாத்தி, கையளவு நீளமான திறப்பைப் போட்டுத் திருப்பினார். அந்தச் சத்தம் நல்லாய்க் கேட்டது. இரவு சாப்பிடும்போது என் கணவர் கொஞ்சம் தயங்கித் தயங்கி, "தனியாக இருக்கிறது கஷ்டமில்லையா சுவாமி?" என்று கேட்டார்.

மாமா யோசித்துச் சொன்னார். "நீங்கள் நினைக்கிறது இல்லைத் தம்பி. அது இளம் வயசில இருந்தது, செபத்தோடையும் வேலையோடையும் போயிட்டுது. சனம் வீட்டை போன பிறகு கோயிலைப் பூட்டுற நேரம் இருக்கே, அதுதான். அந்தத் திறப்புச் சத்தம் கேட்டால், இனி விடியும் வரைக்கும் என்ர பேரைச் சொல்லிக் கூப்பிட ஒருத்தரும் இல்லை எண்டு தெரியும்."

பிறகு என் பக்கம் திரும்பி, "பயப்படாத பிள்ளை, நான் சந்தோஷமாய்த்தான் இருக்கிறன்" என்றார். அதுவும் உண்மை. அவரோடு பழகிய எவரும் அதைச் சந்தேகிக்க மாட்டார்கள்.

சரி, அந்தப் பையனுக்கு ஒழுங்கான பதில் சொல்ல வேண்டும் என்று உட்கார்ந்து படித்தேன். இரண்டு மூன்று வாரம் இரவுகளில் அதுவே வேலையாக இருந்தது.

முதலில் வேதாகமம். இராயப்பருக்கு மனைவி இருந்தார், அதில் சந்தேகமே இல்லை. சின்னப்பர் (பவுல்) கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகம் 9ஆம் அதிகாரத்தில், மற்ற அப்போஸ்தலர்களும் ஆண்டவரின் சகோதரர்களும் கேபாவும் மனைவியைக் கூட்டிக்கொண்டு போகிறார்களே, எங்களுக்கு அந்த உரிமை இல்லையா என்று கேட்கிறார். கேபா என்றால் இராயப்பர். அதே திருமுகத்தின் 7ஆம் அதிகாரத்தில், தன்னைப் போல மணமாகாமல் இருப்பது நல்லது என்று சொல்லிவிட்டு, கன்னிமை பற்றி ஆண்டவரின் கட்டளை எதுவும் தன்னிடம் இல்லை, இது தன் கருத்து என்று நேர்மையாக எழுதுகிறார். திமொத்தேயுவுக்கு எழுதிய திருமுகமோ ஆயர் ஒரே மனைவியை உடையவராக இருக்க வேண்டும் என்கிறது. இயேசு, விண்ணரசுக்காகத் தங்களை மணத்துக்கு அப்பால் வைத்துக்கொண்டவர்கள் உண்டு, ஏற்கக்கூடியவர் ஏற்கட்டும் என்று மத்தேயு 19இல் சொல்கிறார். ஏற்கக்கூடியவர் ஏற்கட்டும்! அந்த வரியில் நான் கனநேரம் நின்றேன். கொடுக்கிறவன் தானாகக் கொடுப்பது பற்றிய பேச்சு அது.

சட்டம் வந்தது பிறகு. 4ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்பெயினில் எல்வீரா என்ற இடத்தில் கூடிய ஆயர்களின் சங்கம், மணமான குருக்கள் மனைவியோடு உறவு கொள்ளக் கூடாது என்று எழுதியது. கலியாணம் கட்டக் கூடாது என்று சொல்லவில்லை, கட்டியவர் விலகியிருக்க வேண்டும் என்றது. 385இல் பாப்பரசர் சிரீசியு ஸ்பெயினின் தராகோனா ஆயருக்கு எழுதிய கடிதத்தில்தான் காரணம் தெளிவாக வருகிறது. பழைய ஏற்பாட்டுக் குருக்கள் தங்கள் முறை வரும்போது ஆலயத்தில் தங்கி, அந்த நாட்களில் வீட்டுக்குப் போகாமல் இருந்தார்கள். எங்கள் குருக்களோ எப்போதும் பலி ஒப்புக்கொடுக்கிறவர்கள், அதனால் எப்போதும் விலகியிருக்க வேண்டும் என்பது அவர் வாதம்.

இதை வாசித்ததும் எனக்குப் பக்கத்து வீட்டு அண்ணர்தான் ஞாபகம் வந்தார். அம்மன் கோயில் திருவிழாவுக்குக் காப்புக் கட்டினால் அவர் திண்ணையில் பாய் போட்டுத்தான் படுப்பார். மச்சம் இல்லை, மனைவியோடு படுக்கை இல்லை. திருவிழா முடிந்து காப்பு அவிழ்த்தால் எல்லாம் வழமைக்குத் திரும்பும். சிரீசியு சொன்னதும் காப்புதான். ஆனால் தினமும் பூசை என்றால் தினமும் திருவிழா, அந்தக் காப்பை அவிழ்க்கும் நாளே வராது. தமிழர்களுக்கு இந்த எண்ணம் அந்நியமே இல்லை.

கிழக்குத் திருச்சபை வேறு வழியால் போனது. 692இல் கொன்ஸ்தாந்தினோப்பிளில் கூடிய சங்கம், பட்டத்துக்கு முன்பே மணமுடித்தவர் மனைவியோடு வாழ்ந்துகொண்டே குருவாக இருக்கலாம், ஆயர் மட்டும் மணத்துறவியாக இருக்க வேண்டும் என்று முடிவு செய்தது. ஓர்த்தடொக்ஸ் சபைகளில் இன்றைக்கும் அதுதான். பாப்பரசரோடு ஒன்றித்திருக்கும் கிழக்குக் கத்தோலிக்கச் சபைகள் 23 இருக்கின்றன. அவற்றில் பலவற்றில் மனைவி பிள்ளைகளோடு வாழும் குருக்கள் இருக்கிறார்கள். எங்களுக்குப் பக்கத்தில், கேரளத்தில், தோமையார் வழிக் கிறிஸ்தவர்களிடமும் மணமான குருக்கள் இருந்தார்கள். 1599இல் போர்த்துக்கேயர் உதயம்பேரூரில் ஒரு சங்கத்தைக் கூட்டி அதை நிறுத்தினார்கள். மனைவியை விட்டுப் பிரிந்தால்தான் பீடம் ஏறலாம் என்றார்கள். இலங்கைக்கு வேதம் கொண்டுவந்ததும் அதே போர்த்துக்கேயர்தான். அதனால் எங்கள் பாட்டன் பூட்டன் மணமான சுவாமியாரைக் கண்டதே இல்லை.

மேற்கில் எல்வீராவுக்குப் பிறகும் 700 வருடம் குருக்கள் கலியாணம் கட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். 11ஆம் நூற்றாண்டில் இது பெரிய சண்டையானது. பக்திக் காரணத்தோடு காணிக் காரணமும் சேர்ந்துகொண்டது. குருவுக்கு மகன் இருந்தால் கோயில் நிலம் மகனுக்குப் போகிறது, மகனே அடுத்த குருவாகிறான், இரண்டு தலைமுறையில் கோயில் ஒரு குடும்பத்துச் சொத்தாகிவிடுகிறது. 1022இல் பவியா சங்கத்தில் பாப்பரசர் எட்டாம் ஆசீர்வாதப்பர், குருக்களின் பிள்ளைகள் கோயிலின் அடிமைகள் என்று சட்டம் போட்டார். 1074இல் பாப்பரசர் ஏழாம் கிரகோரியார் மணமான குருக்கள் பூசை வைக்கக் கூடாது என்றார். பிரான்சிலும் ஜெர்மனியிலும் குருக்கள் கொதித்தெழுந்தார்கள். அந்தக் காலத்தில் ரூவான் நகரப் பேராயர் இப்படியொரு தடையை அறிவித்தபோது அவருடைய குருக்களே கல்லெறிந்து அவரைக் கோயிலை விட்டுத் துரத்தினார்கள். கடைசியில் 1139இல் இரண்டாம் லாத்தரன் சங்கம், பட்டம் பெற்றவர் கட்டும் கலியாணம் கலியாணமே இல்லை என்று தீர்த்துவிட்டது. அதுவரை சட்டவிரோதம், அதன் பிறகு செல்லாது. கணக்கு எழுதுகிற எனக்கு அந்த வித்தியாசம் நன்றாக விளங்கும்.

இந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடிவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். 1089இல் மெல்பி சங்கம் ஒரு விதி எழுதியது. மனைவியை விடாத உபதியாக்கோனின் (குருவுக்குக் கீழ்ப்படிப் பட்டம் பெற்றவரின்) மனைவியைப் பிரபுக்கள் அடிமையாகப் பிடித்துக்கொள்ளலாம். அந்தப் பெண் என்ன பிழை செய்தாள்? ஊரறிய, கோயிலறிய, ஒருவனுக்கு மனைவியாகி, அவன் அங்கியைத் தோய்த்து, பிள்ளை பெற்று, பலிபீடத்துக்குப் பூவும் வைத்திருப்பாள். ஒருநாள் எங்கோ ஒரு நகரத்தில் ஆயர்கள் கூடிக் கையெழுத்துப் போட, அவள் வைப்பாட்டியாகிறாள், பிள்ளைகள் முறைகேடான பிள்ளைகள் ஆகிறார்கள். அந்த ஆயிரக்கணக்கான பெண்கள் எங்கே போனார்கள், எப்படிப் பிழைத்தார்கள் என்று சொல்லும் ஒரு பக்கம் எனக்குக் கிடைக்கவில்லை. மணத்துறவின் அழகைப் பற்றிப் பிரசங்கம் கேட்கும்போதெல்லாம் இனி அந்தப் பெண்களையும் நினைப்பேன். மணத்துறவில் அழகு இல்லை என்று சொல்ல வரவில்லை. அந்த அழகுக்கு விலை கொடுத்தவர்களில் அவர்களும் இருக்கிறார்கள்.

1563இல் திரிதெந்தீன் சங்கம் பழைய சட்டத்தை உறுதிப்படுத்தியது. அதே வருடம் ஒவ்வொரு மறைமாவட்டத்திலும் குருமடம் வேண்டும், 12 வயது தொடங்கிப் பிள்ளைகளைச் சேர்க்கலாம் என்றும் சொன்னது. மாமா 13 வயதில் தகரப் பெட்டியோடு போனதற்கு வேர் அங்கேதான் இருக்கிறது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல், குருத்துவத்தின் இயல்பு மணத்துறவைக் கட்டாயம் கேட்கவில்லை, ஆனாலும் அது பல வகையில் பொருந்துகிறது என்று எழுதியது. மாமா பட்டம் பெற்று அடுத்த வருடம், 1967 ஜூனில், பாப்பரசர் ஆறாம் சின்னப்பர் ஒரு தனிச் சுற்றுமடல் எழுதிச் சட்டம் அப்படியே இருக்கும் என்றார். அதாவது இது விசுவாசக் கோட்பாடு இல்லை, ஒழுங்குவிதி. திருச்சபை நினைத்தால் மாற்றலாம். மணமான ஆங்கிலிக்கன் போதகர்கள் கத்தோலிக்கராக வந்தபோது அவர்களில் பலர் மனைவி பிள்ளைகளோடே குருக்களாகப் பட்டம் பெற்றிருக்கிறார்கள். அமேசன் காட்டுப் பகுதிகளுக்கு மணமான ஆண்களைக் குருக்களாக்கலாம் என்று 2019இல் ஆயர்கள் மன்றம் பெரும்பான்மையோடு கேட்டது. 2020இல் வெளியான பாப்பரசர் பிரான்சிஸின் மடல் அதைப் பற்றிப் பேசாமலே விட்டது.

இதையெல்லாம் படித்துக்கொண்டிருந்த நாட்களில் எங்கள் பகுதியையே புதுக்கண்ணோடு பார்த்தேன். கொட்டாஞ்சேனையில் புனித லூசியாள் பேராலயத்திலிருந்து நடக்கத் தொடங்கினால், அரை மணித்தியாலத்துக்குள் தீபதுத்தாராம விகாரை, ஒல்லாந்தர் 1757இல் திறந்த வுல்பெண்டால் கோயில், கொச்சிக்கடையில் பொன்னம்பல இராமநாதன் கருங்கல்லால் திருப்பிக் கட்டிய பொன்னம்பலவாணேசர் கோயில், எல்லாம் கண்டுவிடலாம். வுல்பெண்டாலில் போதகருக்குக் கலியாணம் தடையில்லை. மற்ற மூன்றிலும் சட்டம் உண்டு, மூன்றும் மூன்று மாதிரி.

எங்கள் ஒழுங்கையில் இருக்கும் இந்துக் கோயில் குருக்கள் ஐயா ஒருவரிடம் பேச்சுவாக்கில் கேட்டேன். எங்களுக்கு நேரெதிராகச் சொன்னார். ஆகமப்படி ஆசாரியார் இல்லறத்தில் இருக்க வேண்டும், ஆசாரியாபிஷேகமே மனைவியை அருகில் வைத்துத்தான் நடக்கும். "நாலு வருஷத்துக்கு முதல் அவ போயிட்டா. அண்டையிலிருந்து பெரிய கிரியை எல்லாம் மகன்தான் செய்யிறார். நான் பக்கத்தில நிண்டு மந்திரம் எடுத்துக் குடுப்பன்" என்றார். சொல்லும்போது அவர் கண் நிலத்தில் இருந்தது. மனைவி இருந்தால் பீடம் இல்லை என்று மாமாவுக்கு, மனைவி இல்லாததால் கருவறை இல்லை என்று இவருக்கு. இரண்டு பேரையும் ஒரு நாள் ஒரே மேசையில் இருத்தித் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்திருக்கலாம் என்று அன்றைக்கு முழுக்க நினைத்தேன்.

பிக்குமாரின் சங்கதியை எங்கள் கடையில் காசாளராக இருக்கும் சிங்களப் பெண் சொன்னாள். அவளுடைய மாமா கண்டிப் பக்கம் ஒரு பன்சலையின் (பௌத்த விகாரையின்) நாயக்க தேரர், அதாவது தலைமைப் பிக்கு. 18ஆம் நூற்றாண்டில் இங்கே உபசம்பதா என்ற முழுத் துறவுப் பட்டத்தின் வழியே அறுந்துபோய், கணின்னான்சே என்று சொல்லப்பட்டவர்கள் அரைக் காவியோடு குடும்பமும் காணியுமாக இருந்தார்கள். 1753இல் சீயத்திலிருந்து (இன்றைய தாய்லாந்து) உபாலி தேரரை வரவழைத்துத்தான் துறவு ஒழுங்கைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். ஆனால் அந்த வழியில் வந்த சீயம் நிகாயம் என்ற பிக்குப் பிரிவின் பன்சலைகள் பலவற்றில் தேரரின் சீடனாகச் சகோதரியின் மகனோ வேறு சொந்தக்காரப் பையனோ வருவான், விகாரைக் காணியும் அவனிடம் போகும். மகன் இல்லாவிட்டால் மருமகன்! 11ஆம் நூற்றாண்டில் பாப்பரசர்கள் பயந்த அதே விஷயம். அவள் சொன்ன இன்னொன்றுதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. பிக்கு ஒருவருக்கு இனி முடியாது என்றால் காவியைக் கழற்றிவைத்து வீட்டுக்குப் போகலாம். ஊர் கதைக்கும், ஆனால் வழி உண்டு. எங்களிடம் பட்டம் அழியாதது. மணத்துறவுக் கடமையிலிருந்து விடுதலை தர பாப்பரசர் ஒருவருக்குத்தான் அதிகாரம்.

"குடும்பம் இருந்திருந்தால் எங்கள் சுவாமிமார் யுத்தத்தில் சனத்தோடு நின்றிருப்பார்களா?" என்று அம்மா கேட்பார். அது பெரிய கேள்விதான். 1687இல் யோசேப் வாஸ் அடிகளார் கூலிக்காரன் வேஷத்தில் யாழ்ப்பாணம் வந்து, ஒல்லாந்தரின் தடைக்குள் 24 வருடம் கால்நடையாகத் திரிந்தார். 2015 ஜனவரி 14 அன்று காலிமுகத்திடலில் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தபோது நானும் மாமாவும் போயிருந்தோம். 1985 ஜனவரியில் வங்காலையில் கொல்லப்பட்ட மேரி பஸ்தியன் அடிகளார், 2006 ஆகஸ்டில் அல்லைப்பிட்டியில் காணாமல் போன ஜிம் பிரவுண் அடிகளார், 2009 மே 18இல் சரணடைந்தவர்களோடு சேர்ந்து போய்த் திரும்பாத பிரான்சிஸ் ஜோசப் அடிகளார். இவர்களை நினைத்தால் அம்மா சொல்வது சரி என்றுதான் தோன்றும். ஆனால் 1984 டிசம்பரில் மன்னாரில் கொல்லப்பட்ட மெதடிஸ்த போதகர் ஜெயராஜசிங்கம் குடும்பஸ்தர். அவரும் தன் மக்களுக்காகத்தான் நின்றார். மனைவி இருப்பது மனிதனைக் கோழையாக்கும் என்று நான் நம்பவில்லை.

மூடி மறைக்கப்படும் பக்கமும் இருக்கிறது. சட்டத்தைச் சுமக்க முடியாதவர் வெளியேயும் போக முடியாமல், ஒளித்து வாழத் தொடங்கினால், அதில் அடிபடுவது திரும்பவும் ஒரு பெண்ணும் ஒரு பிள்ளையும்தான். பிள்ளை பெற்ற குருக்களுக்கான உள் வழிகாட்டல் ஒன்று தன்னிடம் இருப்பதை 2019இல் வத்திக்கானே ஒப்புக்கொண்டது. அப்பாவை "ஃபாதர்" என்று மட்டும் கூப்பிட்டு வளரும் ஒரு பிள்ளையை நினைத்துப் பாருங்கள். அந்தப் பிள்ளையை விட எந்த அங்கியின் மரியாதையும் பெரிதில்லை.

மாமா 75 வயதில் சட்டப்படி பங்கிலிருந்து ஓய்வு பெற்றார். முதிய குருக்களுக்கான விடுதி ஒன்றில் ஒரு அறை. கட்டில், மேசை, மேசைமின்விசிறி, ஜன்னலுக்கு வெளியே ஒரு மாமரம். நான் கொழும்பிலிருந்து வருடத்தில் இரண்டு தடவை போவேன். ஞாயிறு தோறும் போன் எடுப்பேன். சில ஞாயிறுகளில் மறந்தும் போவேன். ஒருமுறை, "இப்ப பூட்டுறதுக்கு வேற ஆள் இருக்கு பிள்ளை. நான் படுத்திருந்து கேட்டுக்கொண்டிருப்பன்" என்றார். 79ஆவது பிறந்தநாளுக்கு வரச் சொல்லிக் கேட்டார். அவர் எதையும் கேட்கிற ஆள் இல்லை. கடையில் வருடாந்தக் கணக்கு முடிக்கும் கிழமை என்று சொல்லி நான் போகவில்லை. சமையற்கார அம்மா பாற்புக்கை செய்து கொடுத்தாராம், இரண்டு பேரும் சாப்பிட்டார்களாம்.

அடுத்த மூன்று மாதத்தில் அவர் இறந்தார். செத்தவீட்டுக்கு ஆயர் வந்தார், நூற்றுக்கு மேல் குருமார் வந்தார்கள், வன்னியிலிருந்தும் மன்னாரிலிருந்தும் பஸ் பிடித்துச் சனம் வந்தது. அவர் ஞானஸ்நானம் கொடுத்த பெண்கள் தங்கள் பேரப்பிள்ளைகளைத் தூக்கிப்பிடித்துப் பெட்டியைக் காட்டினார்கள். மாமாவுக்குக் குடும்பம் இல்லை என்று யார் சொன்னது என்று எனக்கே பெருமையாக இருந்தது. இரவு திரும்பி வரும்போதுதான் உறைத்தது. இந்தச் சனத்தில் பத்துப் பேர், நானும் ஒருத்தியாக, பிறந்தநாளுக்குப் போயிருக்கலாம். மணத்துறவு என்பது குருவானவர் மட்டும் கொடுக்கிற வாக்கு என்று இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். நாங்கள்தான் அவர்களின் வீடு என்று சொல்லித்தானே வீட்டுப் பிள்ளையை வாங்கிக்கொண்டோம். எங்கள் பக்கத்து வாக்கை நாங்கள் காப்பாற்றவில்லை.

சட்டம் மாறலாம், மாறாமலும் இருக்கலாம். விரும்புகிறவர்கள் மணமுடித்துக் குருவாகும் வழியும், மாமாவைப் போல முழுதாகக் கொடுக்கிறவர்களின் வழியும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் நல்லது என்பது என் எண்ணம். ஏற்கக்கூடியவர் ஏற்கட்டும் என்ற வார்த்தைக்கு அப்போதுதான் முழுப் பொருள் கிடைக்கும். ஆனால் அது ரோமாபுரியில் முடிவாக வேண்டிய காரியம். எங்கள் ஒழுங்கையில் முடிவாக வேண்டியதும் ஒன்று இருந்தது.

அந்தப் பையனுக்கு மூன்று ஞாயிறு கழித்துப் பதில் சொன்னேன். 12 வயதுக்கு விளங்கக்கூடிய அளவுக்கு எல்லாம் சொன்னேன், காப்புக் கதை உட்பட. பெரிய ஆட்களோடு பேசுகிற மாதிரிக் கவனமாகக் கேட்டான். பிறகு அடுத்த கேள்வி. "ராயப்பரின்ர மனுசி பிறகு என்ன ஆனவ?"

நல்ல வேளையாக அதையும் வாசித்திருந்தேன். அலெக்சாந்திரியா கிளமெந்து என்ற பழைய ஆசிரியர், அவரும் வேதசாட்சியாகத்தான் இறந்தார் என்று எழுதியிருக்கிறார். அவரைக் கொலைக்களத்துக்குக் கொண்டுபோகும்போது இராயப்பர் பார்த்துக்கொண்டு நின்று, அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, ஆண்டவரை நினைத்துக்கொள் என்றாராம்.

"என்ன பேர் டீச்சர்?"

"பேரைச் சொல்லிக் கூப்பிட்டார் என்று எழுதியிருக்கிறார்கள். பேரை எழுதவில்லை."

அன்று பின்னேரம் எங்கள் அன்பியக் கூட்டத்தில், அதாவது அயல் கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடும் இடத்தில், ஒரு விஷயம் சொன்னேன். ஞாயிறு பின்னேரப் பூசை முடிந்து கோயிலைப் பூட்டியதும், முறை வைத்து ஒவ்வொரு வீடாக எங்கள் ஃபாதரை இராச்சாப்பாட்டுக்குக் கூப்பிட வேண்டும். விருந்து வேண்டாம், வீட்டில் என்ன சமைக்கிறோமோ அதுதான். ஃபாதர் இளம் ஆள், முதலில் கூச்சப்பட்டார், சனம் கதைக்கும் என்றும் யோசித்தார். பிள்ளைகள் உள்ள வீடுகளாகத் தொடங்கினோம். இப்போது ஏழு வீடு முடிந்துவிட்டது. நாலாவது வீட்டில் பிள்ளைகளோடு கரம் விளையாடிப் பத்து மணியாகிவிட்டதாம்.

இந்த ஞாயிறு எங்கள் முறை. குரக்கன் புட்டும் கத்தரிக்காய்ப் பால்கறியும் வைக்கலாம் என்று இருக்கிறேன். மாமாவுக்குப் பிடித்தது அது. இவருக்குப் பிடிக்குமா என்று சனிக்கிழமை கேட்க வேண்டும்.